ஊமையாகிப்போன விளையாட்டுப் பெட்டி



கோடைக்காலத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டு மின்விசிறி மிக மெதுவாகச் சுற்றுகிறது. கையால் தள்ளிவிட்டால்தான் புறப்படுகிறது. மின்பணியாளர் வருகிறார். அண்ணாந்து பார்க்கிறார். விசிறியின் இறக்கையை ஒரு முறை கையால் சுழற்றுகிறார். "கண்டென்சர் போயிடுச்சுங்க" என்கிறார். ஒரு சிறு உறுப்பை மாற்றுகிறார். பத்து நிமிடத்தில் விசிறி பழையபடி சுற்றுகிறது.

அவர் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்? மந்திரம் ஒன்றுமில்லை. கம்பிச்சுருள் எரிந்திருந்தால் கருகிய வாடை வந்திருக்கும். பேரிங் இறுகியிருந்தால் கையால் தள்ளினாலும் சுற்றாது. மின்சாரமே வரவில்லையென்றால் 'உம்' என்ற ஒலிகூட இராது. இவை மூன்றும் இல்லை. ஆகவே எஞ்சி நிற்பது கண்டென்சர், அதாவது மின்தேக்கி. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, விலக்க முடியாததைப் பிடித்தார். பழுது பார்ப்பது என்ற கலை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இதே முறையைக் கொண்டு, மின்விசிறியைவிடப் பன்மடங்கு சிக்கலான ஒரு கருவியின் மின்சுற்றுப் பலகையில் பழுதான உறுப்பைக் கண்டுபிடித்து மாற்றுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்கொள்ளும் கருவி ஒரு விளையாட்டுப் பெட்டி. பழுதான உறுப்போ மறுபடியும் மின்தேக்கிதான்!

கையடக்க விளையாட்டுப் பெட்டி

ஜப்பானின் செகா நிறுவனம் 1990 அக்டோபரில் 'கேம் கியர்' என்னும் கையடக்க விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. அதில் 3.2 அங்குல வண்ணத் திரை இருந்தது. திரைக்குப் பின்னால் ஒரு சிறு ஒளிர்குழல் எரிந்து வெளிச்சம் தந்தது. உள்ளே இசட்-80 என்னும் 8 பிட் செயலி, நொடிக்கு ஏறத்தாழ 36 இலட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் கணக்கிட்டது. ஆறு சிறிய பேட்டரி செல்களை அது மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். உலகெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்றன.

இன்று அந்தப் பெட்டிகளில் ஒன்றை எடுத்துச் செல்களைப் பொருத்தினால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். ஒலி மிகவும் மெலிந்து கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. திரையில் வெளிச்சம் மட்டும் தெரியும், படம் தெரியாது. அல்லது சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்துவிடும். "பழசு, கெட்டுப்போய்விட்டது" என்று பழைய சாமான் கடையில் போட்டுவிடுவோர் பலர். ஆனால் அந்தப் பெட்டியின் செயலி, நினைவகம், திரை ஆகியவை பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. சில ரூபாய் பெறுமானமுள்ள சில உறுப்புகள் செத்துக் கிடப்பதால், பெட்டி முழுவதும் செத்ததுபோல் தோன்றுகிறது.

மின்தேக்கியின் உள்ளே

இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள்: இதுவே மின்தேக்கி என்று படித்திருக்கிறீர்கள். தகடுகளின் பரப்பு கூடினால் மின்தேக்குதிறன் கூடும். இடைவெளி குறைந்தாலும் கூடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நமக்கு 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வேண்டும். இரு தகடுகளுக்கு நடுவே 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள காகிதத்தை வைப்போம். காகிதத்தின் ஒப்புமை விடுதிறனை 3 என்று கொண்டால், ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 190 சதுர மீட்டர் பரப்புடையதாக இருக்கவேண்டும். அதாவது 2000 சதுர அடி வீட்டின் தரை முழுவதையும் மூடும் தகடு! இதைக் கையடக்கப் பெட்டிக்குள் எப்படி அடக்குவது?

இங்குதான் அலுமினியம் கைகொடுக்கிறது. அலுமினியத் தாளைத் தக்க கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. செலுத்தும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் படலம் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் கனம் வளரும். 10 வோல்ட்டில் உருவாக்கினால் 14 நானோமீட்டர். இந்தப் படலமே மின்காப்பு. இதன் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 9. மறுபடியும் கணக்கிட்டுப் பாருங்கள். 190 சதுர மீட்டர், ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது! அலுமினியத் தாளை அரித்துக் கரடுமுரடாக்கினால் அதன் உண்மைப் பரப்பு பல மடங்கு பெருகுவதால், தாள் மேலும் சிறியதாக இருந்தாலே போதும்.

ஆனால் கரடுமுரடான அந்தப் பரப்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் எதிர்த்தகடு போய் ஒட்டவேண்டுமே? திடமான தகட்டால் அது முடியாது. ஒரு திரவத்தால் முடியும். எனவே காகிதத்தை மின்பகு திரவத்தில் ஊறவைத்து, இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாய்போல் சுருட்டி, ஒரு சிறு அலுமினியக் குப்பிக்குள் வைத்து, இரப்பர் அடைப்பால் மூடிவிடுகிறார்கள். இதுவே மின்பகு மின்தேக்கி. இதில் உண்மையான எதிர்த்தகடு அந்தத் திரவமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். திரவம் போனால் தகடு போயிற்று!

ஏன் கசிகிறது?

1980களின் பிற்பகுதியில் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டவைக்கத்தக்க மிகச் சிறிய மின்தேக்கிகள் புழக்கத்திற்கு வந்தன. அவற்றில் பலவற்றின் மின்பகு திரவத்தில் நான்கிணைய அம்மோனியம் உப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. நல்ல கடத்துதிறனைத் தந்த இவ்வுப்புகளுக்கு ஒரு தீய குணமும் இருந்தது. எதிர்முனைக் கம்பியின் அருகே காரத்தன்மை உண்டாகி, இரப்பர் அடைப்பை மெல்ல மெல்லக் கெடுத்தது. கருவி அலமாரியில் சும்மா கிடந்தாலும் கசிவு நிற்கவில்லை. கேம் கியரில் மட்டுமல்ல, அக்காலத்தில் பல நிறுவனங்கள் செய்த வீடியோ கேமராக்களிலும் கணினிகளிலும் இதே நோய் கண்டது.

கசிந்த திரவம் இரண்டு தீங்குகளைச் செய்கிறது. முதலாவது, மின்தேக்கி வறண்டு அதன் மின்தேக்குதிறன் குறைகிறது, உள்தடை ஏறுகிறது. இரண்டாவது தீங்கு இதைவிடப் பெரிது. வெளிவந்த காரத்திரவம் பலகையிலுள்ள மெல்லிய செம்புத் தடங்களை அரிக்கிறது. மின்தேக்கியைக் கடையில் வாங்கலாம். அரிக்கப்பட்ட தடத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே "விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பெட்டியின் ஆயுளில் கழிகிறது.

துப்பறியும் படலம்

இப்போது நோயாளியை மேசைமேல் வைப்போம். திருப்புளியை எடுக்குமுன் எளிய காரணங்களை விலக்குங்கள். செல்கள் புதியவையா? செல்கள் தொடும் உலோகப் பட்டைகளில் பச்சைப் பாசிபோல் துரு படிந்துள்ளதா? விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகள் அழுக்கா? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள். இதிலேயே சரியாகிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

சரியாகவில்லையா? அறிகுறிகளைப் பேசவிடுங்கள்.

படம் தெரியவில்லை என்றால், பெட்டியைச் சாய்த்து ஓரமாக நின்று திரையைப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிகிறதா? அப்படியானால் செயலி உயிரோடு இருக்கிறது, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திரைக்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கவேண்டிய உறுப்பே தவறுகிறது. ஒரே ஒரு பார்வையில் பலகையின் பாதியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டீர்கள்!

ஒலி கேட்கவில்லை என்றால், காதொலிப்பானைச் செருகுங்கள். அதில் ஒலி கேட்டால், ஒலியை உண்டாக்கும் பகுதி நன்றாக உள்ளது. பழுது ஒலிபெருக்கியிலோ, அதற்கு முந்திய பெருக்கிச் சுற்றிலோ இருக்கவேண்டும். பெட்டியைத் திறந்தபின், மின்சாரம் இல்லாத நிலையில், ஒலிபெருக்கியின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் செல்லால் அதன் முனைகளை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். 'டக்' என்று ஒலித்தால் ஒலிபெருக்கி நிரபராதி. எஞ்சியது பெருக்கிச் சுற்று.

மின்தேக்கி கெட்டால் ஒலி ஏன் மெலிகிறது? ஒலிச் சைகையைக் கடத்தி, நேர் மின்னோட்டத்தைத் தடுக்கும் வாயிற்காவலன் வேலையை மின்தேக்கி செய்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி காட்டும் மின்மறுப்பு 1.6 ஓம் மட்டுமே. அது வறண்டு 1 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால், மின்மறுப்பு ஏறத்தாழ 160 ஓம் ஆகிறது. 100 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலிக்கோ அது 1600 ஓம்! வாயிற்காவலன் எல்லோரையும் தடுத்துவிட்டான். பெட்டி ஊமையாகிவிட்டது.

இனிப் பெட்டியைத் திறக்கலாம். முதலில் செல்களை எடுத்துவிடுங்கள். கேம் கியருக்குள் மூன்று பலகைகள் உண்டு: முதன்மைப் பலகை, ஒலிப் பலகை, மின்வழங்கிப் பலகை. எந்த அறிகுறி எந்தப் பலகையைச் சுட்டுகிறது என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு மின்தேக்கியின் அடியையும் பாருங்கள். பளபளக்கவேண்டிய ஈயப்பற்று சாம்பல் நிறமாக மங்கியிருக்கிறதா? அருகில் பிசுபிசுப்பு உள்ளதா? மோந்தும் பாருங்கள். மீன் கூடையருகே வீசுவது போன்ற வாடை வரலாம். அம்மோனியம் உப்புகள் சிதைந்து தோன்றும் அமீன்களின் வாடை அது. மீனின் வாடைக்கும் அமீன்களே காரணம் என்பது வேதியியல் ஆசிரியர் சொல்லும் செய்திதானே!

அளந்து தீர்ப்புச் சொல்வோம்

கண்ணும் மூக்கும் சந்தேகத்தைத் தரும். தீர்ப்பைத் தரவேண்டியது அளவீடு. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 9 வோல்ட் பேட்டரி, 100 கிலோ ஓம் மின்தடை, டிஜிட்டல் மல்டிமீட்டர், நொடி முள்ளுள்ள கடிகாரம் ஆகியவை போதும்.

சந்தேகத்திற்குரிய மின்தேக்கியைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டே அளக்கவேண்டும். பலகையில் இருக்கும்போது, பக்கத்து உறுப்புகளின் வழியாகவும் மின்னோட்டம் பாய்ந்து அளவைக் குழப்பும். பேட்டரியின் மின்னழுத்தத்தை மின்தேக்கி தாங்குமா என்பதையும் பாருங்கள். 6.3 வோல்ட் என்று எழுதியிருந்தால் 9 வோல்ட் பேட்டரி கூடாது. மூன்று செல்களைத் தொடராக இணைத்து 4.5 வோல்ட்டில் சோதியுங்கள்.

மின்தேக்கியின் இரு முனைகளையும் மின்தடையால் இணைத்து, எஞ்சிய மின்னூட்டத்தைப் போக்குங்கள். பிறகு மின்தடையைத் தொடராக வைத்து, நேர்முனை நேர்முனைக்கு வருமாறு பேட்டரியுடன் இணையுங்கள். மின்தேக்கியின் மின்னழுத்தம், பேட்டரி மின்னழுத்தத்தில் 63 விழுக்காட்டை எட்ட எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். 9 வோல்ட்டுக்கு அது ஏறத்தாழ 5.7 வோல்ட், 4.5 வோல்ட்டுக்கு 2.8 வோல்ட். இந்நேரமே கால மாறிலி. மின்தடையை மின்தேக்குதிறனால் பெருக்கினால் வருவது இதுவே.

100 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் என்றால் 10 வினாடி ஆகவேண்டும். இத்தகைய மின்தேக்கிகளில் 20 விழுக்காடு வரை வேறுபாடு இயல்பு. எனவே 8 முதல் 12 வினாடி வரை நல்லது. மூன்றே வினாடியில் எட்டிவிட்டால், அதில் எஞ்சியிருப்பது 30 மைக்ரோஃபாரட்தான். மின்னழுத்தம் 63 விழுக்காட்டை எட்டாமலே நின்றுவிட்டால், மின்தேக்கியின் உள்ளே மின்னோட்டம் ஒழுகுகிறது. இரண்டிலும் தீர்ப்பு ஒன்றே: மாற்றவேண்டும். ஆனால் சோதனையில் தேறிவிட்டால் மட்டும் அது முழுவதும் நல்லது என்று முடிவு கட்டவேண்டாம். உள்தடை ஏறிய குறையை இச்சோதனை காட்டாது.

ஒன்று கெட்டது நிரூபணமானால் மற்றவற்றை என்ன செய்வது? எல்லாம் ஒரே வயது, ஒரே வகை. நோயின் காரணம் நமக்குத் தெரிந்துவிட்டதால், அதே வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் மாற்றுவதே அறிவுடைமை. காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவது வேறு. தெரிந்து மாற்றுவது வேறு.

மாற்றும் முறை

1. முதலில் பலகையைப் புகைப்படம் எடுங்கள், அல்லது நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். எந்த இடத்தில் எந்த மதிப்பு, எந்தப் பக்கம் எதிர்முனை என்பதைக் குறியுங்கள்.

2. மின்தேக்கியைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியிலுள்ள செம்புத் திட்டு ஏற்கனவே பலவீனமாக இருக்கும். உறுப்போடு அதுவும் பிய்ந்து வந்துவிடும். அரித்துப்போன ஈயம் எளிதில் உருகாது. மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு வெப்பத்தை உள்ளே விடாது. ஆகவே புதிய ஈயத்தை, பசையுடன் சிறிது வைத்து உருக்குங்கள். புதியது பழையதோடு கலந்து அதையும் உருக்கிவிடும். இரண்டு சால்டரிங் அயர்ன்களால் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் சூடாக்கினால், உறுப்பு தானாக நழுவி வரும்.

3. கசிந்த இடத்தில் நீர் கலந்த வினிகரைப் பஞ்சால் தடவுங்கள். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும். பிறகு வாலை வடிநீரால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலரவிடுங்கள்.

4. புதிய உறுப்பின் மின்தேக்குதிறன் பழையதற்குச் சமமாக இருக்கவேண்டும். தாங்கும் மின்னழுத்தம் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

5. முனைகளைச் சரிபாருங்கள். அலுமினிய மின்தேக்கியில் பட்டையோ கறுப்புக் குறியோ இருக்கும் பக்கம் எதிர்முனை. ஆனால் டாண்டலம் மின்தேக்கியில் பட்டை இருப்பது நேர்முனைப் பக்கம்! இதை மறந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நான் முதுகலை மாணவனாக இருந்தபோது, ஒரு மின்வழங்கியில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அவசரத்தில் முனை மாற்றிப் பொருத்திவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையதே. விசையைப் போட்டுவிட்டு, "ஏன் அளவு காட்டவில்லை?" என்று குனிந்து பார்த்தேன். வேட்டு வெடித்ததுபோல் ஓர் ஓசை! சூடான திரவமும் காகிதத் துண்டுகளும் முகத்தில் தெறித்தன. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் பிழைத்தது. முனை மாறினால் ஆக்சைடு படலம் கரைந்து, மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்து, திரவம் கொதித்து வாயுவாகிறது என்ற பாடத்தை நான் எழுத்துத் தேர்வில் சரியாகவே எழுதியிருந்தேன். அது கைக்கு வந்து சேர அந்த வேட்டு தேவைப்பட்டது. உங்களுக்கு அது தேவைப்பட வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்காதீர்கள்.

6. செல்களைப் போடுமுன், மின்வழங்கியின் நேர், எதிர் முனைகளுக்கிடையே மின்தடையை அளந்து பாருங்கள். ஏறத்தாழ சுழியைக் காட்டினால் எங்கோ ஈயம் வழிந்து இரு தடங்களை இணைத்திருக்கிறது. அதைச் சரிசெய்தபின்பே விசையைப் போடுங்கள்.

எச்சரிக்கை

திரைக்குப் பின்னுள்ள ஒளிர்குழலுக்காக இப்பெட்டிக்குள் உயர் மின்னழுத்தம் உண்டாக்கப்படுகிறது. செல்கள் பொருத்தியிருக்கும்போது பலகையைத் தொடாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் தொலைக்காட்சி, அடாப்டர் போன்றவற்றை நீங்கள் திறக்கவே கூடாது. அவற்றிலுள்ள பெரிய மின்தேக்கிகள், இணைப்பைத் துண்டித்த பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கும். ஈயப் புகையை முகர வேண்டாம், சன்னலருகே அமருங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். முதன்முறை செய்யும்போது ஆசிரியரோ, அனுபவமுள்ள பெரியவரோ அருகில் இருக்கட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பழைய வானொலி ஒன்றிலிருந்து கழற்றிய மின்தேக்கியின்மேல் "470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட்" என்று எழுதியிருக்கிறது. அதை 47 கிலோ ஓம் மின்தடையுடன் 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தபோது, 5.7 வோல்ட்டை எட்ட 20 வினாடி ஆயிற்று. அதன் இன்றைய மின்தேக்குதிறன் என்ன? அதைத் தூக்கி எறியலாமா, மறுபடியும் பயன்படுத்தலாமா? கணக்கிட்டு, காரணத்துடன் உங்கள் நோட்டில் எழுதுங்கள். பிறகு உங்களிடமுள்ள மின்தேக்கி ஒன்றை அவ்வாறே அளந்து பாருங்கள்.

அடுத்த முறை வீட்டில் ஒரு கருவி நின்றுபோய், "தூக்கிப் போடு" என்று யாரேனும் சொன்னால், "கொஞ்சம் பொறுங்கள், எது கெட்டது என்று முதலில் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கெட்டது ஒன்றாகவும், நல்லவை நூறாகவும் இருக்கும்.